கையடக்கக் கருவியில் தெருக்காற்றை அளப்பது எப்படி

மகள் பள்ளிக்கு நடந்து போக இரண்டு வழி உண்டு: ஒன்று பேருந்து ஓடும் பெரிய சாலை, இன்னொன்று அதற்குப் பின்னால் போகும் சந்து. எதில் காற்று கொஞ்சம் தேவலை என்று தெரிந்துகொள்ளத்தான் கருவி வாங்கினேன். இப்படித் திட்டமான கேள்வி ஒன்று இருந்தால்தான் அளப்பதில் பலன் உண்டு. ஊர்க்காற்று மொத்தமும் எப்படி என்று கேட்டால் இந்தச் சின்னக் கருவி திணறும். இரண்டு தெருக்களில் எது மோசம் என்று கேட்டால் நன்றாகவே சொல்லும்.

வாங்கும்போது பிஎம் 2.5 அளவை, அதாவது காற்றில் மிதக்கும் 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள்களின் அளவை, மைக்ரோகிராமில் காட்டுகிறதா, நிமிடத்துக்கு ஒருமுறையாவது பதிவு செய்கிறதா, ஈரப்பதமும் தெரிகிறதா என்று பாருங்கள். காற்றுத் தரக் குறியீடு மட்டும் காட்டும் கருவி வேண்டாம். அந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும்.

உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும். லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறும். சிதறிய ஒளியை வைத்துக் கருவி எடையை ஊகிக்கும், நிறுத்துப் பார்ப்பதில்லை. அதனால் இரண்டு இடங்களில் ஏமாற்றும். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பெரிதாகும், எண்ணும் கூடவே ஏறும். பனிமூட்டத்தில் எடுத்த அளவை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வண்டிப் புகை இதற்கு நேர்மாறு. புகைக்குழாயிலிருந்து அப்போதுதான் வெளிவரும் துகள்களில் பெரும்பாலானவை 0.3 மைக்ரோமீட்டரைவிடச் சிறியவை. இந்த லேசருக்கு அவை பிடிபடாது. டீசல் வண்டிக்குப் பின்னால் மூச்சு முட்டும், கருவியோ பெரிதாக அசையாது. அந்த எண்ணை நம்பிக் குழந்தையை அங்கே நிறுத்திவிடாதீர்கள்.

சரி, கிளம்பலாம். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் அளக்க வேண்டாம். சில நிமிடம் ஓடவிட்டு, எண் நிலைத்த பிறகு தொடங்குங்கள். பைக்குள் வைக்காமல் பையின் வாரில் மாட்டுங்கள், காற்றுத் துளையைத் துணி மறைக்கக் கூடாது. குழந்தைக்காக அளப்பதென்றால் குழந்தையின் மூக்கு உயரத்தில் மாட்டுங்கள். இரண்டு வழியையும் அடுத்தடுத்து நடங்கள். ஒருநாள் சாலை முதலில், மறுநாள் சந்து முதலில். பொழுது ஏற ஏறக் காற்று மாறுவதால் இந்த மாற்றி நடப்பது முக்கியம். குப்பை எரிந்தது, கட்டட வேலை நடந்தது போன்றவற்றை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பு இல்லாவிட்டால் திடீரென ஏறிய எண்ணுக்கு அப்புறம் காரணம் சொல்ல முடியாது.

அருகில் அரசு கண்காணிப்பு நிலையம் இருந்தால் கருவியை அதன் பக்கத்தில் சில நாள் ஓடவிட்டு, மணிக்கணக்குச் சராசரிகளை ஒப்பிடுங்கள். எப்போதும் கூட்டிக் காட்டுகிறதா, குறைத்தா என்பது அதில் தெரிந்துவிடும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பிஎம் 2.5-க்கு வைத்த வழிகாட்டு அளவு, ஒரு கனமீட்டருக்கு 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 5. ஒரு நிமிட எண்ணை இவற்றோடு வைத்துப் பார்ப்பது தவறு. அந்த ஒப்பீட்டுக்குக் கருவியை மழை படாத ஜன்னலோரத்தில், சமையலறையை விட்டுத் தள்ளி, இரவும் பகலும் ஓடவிடுங்கள்.