மறைத்து அணிவதற்கான சிறிய கைத்துப்பாக்கி: முதன்முறை வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் முறை

உரிமம் பெற்று, தற்காப்புக்காக ஆடைக்குள் மறைத்து அணியக் கைத்துப்பாக்கி வாங்க முனையும் புதியவர்களில் பலர், இருப்பதிலேயே சிறியதும் எடை குறைந்ததும் எதுவோ அதையே முதலில் கேட்கிறார்கள். சிறியது என்றால் கையாளவும் எளிதாக இருக்கும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் துப்பாக்கி சிறுக்கச் சிறுக்கப் பிடிப்பு குறைகிறது, உதைப்பு கூடுகிறது, முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரமும் சுருங்குகிறது. எனவே உங்கள் உடையில் மறையக்கூடியவற்றுள், உங்கள் கைக்கு முழுமையாக அடங்கி நடக்கும் துப்பாக்கியைத் தேட வேண்டும். அதற்கான படிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதற்படி: சட்டமும் பயிற்சியும்

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமமும் அதை மறைத்து அணிந்து வெளியே செல்லும் உரிமமும் பல இடங்களில் வெவ்வேறானவை. எந்தத் தோட்டா வகை அனுமதிக்கப்பட்டது, மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டா அடுக்கில்) எத்தனை தோட்டாக்கள் வரை இருக்கலாம், எந்தக் கட்டடங்களுக்குள் கொண்டு செல்லக் கூடாது என்பவற்றை எழுத்தில் உள்ள சட்டத்தைப் பார்த்தே உறுதி செய்துகொள்ளுங்கள். வாங்குவதற்கு முன்பே, தகுதியுள்ள பயிற்றுநரிடம் அடிப்படைப் பயிற்சி பெறுங்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே கருதுவது, சுடும் முடிவு எடுக்கும்வரை விரலை விசைக்கு வெளியே வைத்திருப்பது ஆகிய இரண்டும் கைப்பழக்கமாகவே மாறிவிட வேண்டும்.

இரண்டாம் படி: எந்தத் தோட்டா

சிறிய காலிபர், அதாவது சிறிய தோட்டா அளவு, என்று பொதுவாகச் சொல்லப்படுபவை .22 லாங் ரைஃபிள், .25 ஏசிபி, .32 ஏசிபி, .380 ஏசிபி ஆகியவை. இவற்றுள் .22 விலை மலிவானது, உதைப்பும் மிகக் குறைவு. ஆனால் அதில் தீப்பற்றும் மருந்து தோட்டாவின் விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். அந்த மருந்து விளிம்பு முழுவதும் சீராகப் பரவாமல் போகக்கூடும் என்பதால், அடிப்பாகத்தின் நடுவில் தனி ப்ரைமர் (தீப்பற்றும் மருந்து அடைத்த சிறு கிண்ணம்) கொண்ட தோட்டாக்களைவிட இது சுடாமல் போகும் வாய்ப்பு அதிகம். .25 ஏசிபி அந்தக் குறையை நீக்கவே ஜான் பிரௌனிங் வடிவமைத்த சிறு தோட்டா. நம்பகமாகச் சுடும் என்றாலும், அதன் ஆற்றல் மிகக் குறைவு.

.32 ஏசிபி 1899இல் வந்தது. 71 கிரெய்ன் (சுமார் 4.6 கிராம்) எடையுள்ள அதன் குண்டு சுமார் 175 ஜூல் ஆற்றலோடு செல்கிறது. கை வலுக் குறைந்தவர்களும் முதியவர்களும் நெடுநேரம் சலிக்காமல் பயிற்சி செய்யத் தகுந்தது இது என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்தத் தோட்டாவின் அடிவிளிம்பு சற்றே வெளியே நீண்டிருக்கும். நீளம் குறைந்த குண்டு பொருத்திய தோட்டாக்களை மேகசினில் இட்டால், அவை முன்னும் பின்னும் நகர்ந்து ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் விளிம்புக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளக்கூடும்.

1908இல் அறிமுகமான .380 ஏசிபியைத் தற்காப்புக்குக் குறைந்தபட்ச அளவாகப் பலர் கொள்கிறார்கள். இதன் ஆற்றல் சுமார் 260 ஜூல். குண்டின் விட்டம் 9 மி.மீ. லூகர் தோட்டாவில் உள்ள அளவேதான், ஆனால் இதன் உலோகக் கூட்டின் நீளம் 17 மி.மீ., அதன் கூட்டின் நீளம் 19 மி.மீ. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்தவே கூடாது என்பதால், துப்பாக்கியின் குழலிலும் தோட்டாப் பெட்டியிலும் பொறித்துள்ள பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் படித்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: எடையும் உள்ளமைப்பும்

புதியவர்கள் அதிகம் கவனிக்காத படி இது. எல்லாமே .380 சுடும் மூன்று துப்பாக்கிகளை எடுத்துக்கொள்வோம். 2008இல் வந்த ரூகர் எல்சிபி காலியாக இருக்கும்போது சுமார் 270 கிராம். 2014இல் வந்த க்ளாக் 42 காலி மேகசினோடு சுமார் 390 கிராம். 2018இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஸி சுமார் 525 கிராம். தோட்டா ஒன்றேயானாலும் முதலாவது உள்ளங்கையில் சுரீரென்று உதைக்கும், மூன்றாவதோ அமைதியாகத் தள்ளும். முதலாவது சட்டைப்பையில் மறையும். மூன்றாவதற்கு இடுப்புறை வேண்டும். இந்த இரு முனைகளுக்கு நடுவில் உங்கள் இடம் எது என்பதுதான் இங்கே தீர்மானிக்க வேண்டியது.

எடையைப் போலவே உள்ளமைப்பும் முக்கியம். 1931 முதல் தயாராகிவரும் வால்தர் பிபிகே போன்றவற்றில் குழல் அசையாமல் நிலைத்திருக்கும். சுடும் கணத்தில் குழலின் பின்புறத்தை மூடி வைப்பது, துப்பாக்கியின் மேற்பகுதியில் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடின் எடையும் அதைத் தள்ளும் சுருள்வில்லின் விறைப்புமே. ஆகவே அந்தச் சுருளை விறைப்பாக அமைக்க வேண்டியிருக்கிறது, ஸ்லைடைக் கையால் பின்னிழுப்பதும் கடினமாகிறது. எல்சிபி, க்ளாக் 42 போன்றவற்றில் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சிறிது தூரம் சேர்ந்தே பின்வாங்கிப் பிறகு பிரிகின்றன. இதனால் இலகுவான ஸ்லைடும் தளர்வான சுருளும் போதுமானவையாகின்றன. விரல் வலு மிகவும் குறைந்தவர்களுக்கு, குழலின் பின்முனையை மேலே தூக்கி முதல் தோட்டாவை நேரடியாக அறைக்குள் (தோட்டா வெடிக்கும் குழலின் பின்பகுதிக்குள்) இடும் பெரெட்டா டாம்கேட் போன்ற வடிவமைப்பும் இருக்கிறது.

நான்காம் படி: கையில் எடுத்துப் பார்த்தல்

விற்பவரிடம் அனுமதி பெற்று, மேகசினைக் கழற்றி, அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்ட பிறகு, பாதுகாப்பான திசையை நோக்கிப் பிடியுங்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தசை பிடியின் பின்புறத்தில் உயரமாக அமர வேண்டும். ஆனால் பின்னே வரும் ஸ்லைடு அதைக் கீறும் அளவுக்கு மேலே ஏறக் கூடாது. சுட்டுவிரலின் நுனிச்சதை விசையில் இயல்பாகப் படிகிறதா, சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால், அடிப்பகுதி நீண்ட மேகசின் கிடைக்குமா என்று கேளுங்கள்.

பிறகு ஸ்லைடை 10 முறை தொடர்ந்து இழுத்துப் பாருங்கள். பத்தாவது முறை திணறுகிறீர்கள் என்றால் வேறொன்றை எடுங்கள். விசையைப் பொறுத்தவரை, தனிப் பாதுகாப்புத் தாழ் இல்லாத சிறு துப்பாக்கியில் நீளமான, சற்றே அழுத்தமான இழுப்பு இருப்பது புதியவருக்கு நல்லது. இழுக்கும்போது முன்குறி ஆடாமல் நிற்கிறதா என்பதைக் கூர்ந்து கவனியுங்கள்.

ஐந்தாம் படி: சுட்டுப் பார்த்தல்

வாடகைக்கோ இரவலாகவோ பெற்று, சுடுதளத்தில் 50 தோட்டாக்களாவது சுடாமல் முடிவெடுக்காதீர்கள். இருபதாவது தோட்டாவுக்குள் கை கூசத் தொடங்குமானால், அந்தத் துப்பாக்கியோடு நீங்கள் பயிற்சி செய்யப் போவதில்லை. மணிக்கட்டு தளர்ந்திருந்தால் சிறு துப்பாக்கிகளில் ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காமல் கூடு சிக்கிக்கொள்ளும். இப்படி அடிக்கடி நேர்ந்தால், துப்பாக்கியைக் குறை சொல்லுமுன் பயிற்றுநரிடம் பிடிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்.

வாங்கிய பின், அன்றாடம் அணியும் அதே தோட்டா வகையையும் சேர்த்து 200 தோட்டாக்கள் தடங்கலின்றிச் சுடும்வரை அதை நம்பி வெளியே எடுத்துச் செல்லாதீர்கள். பாயும்போது விரியும்படி முனையில் குழி உள்ள குழிமுனைக் குண்டுகள் குட்டையான .380 குழலிலிருந்து போதிய வேகம் பெறாமல் விரியாமலே போகலாம், விரிந்தால் போதிய ஆழம் செல்லாமலும் போகலாம். அதனால் பெட்டியில் உள்ள விளம்பரத்தை நம்பாமல், உங்கள் குழல் நீளத்திற்கு ஒப்பான சோதனை முடிவுகளைத் தேடிப் பாருங்கள்.

ஆறாம் படி: உறை

உறை இல்லாமல் பையிலோ இடுப்பிலோ செருகுவது விபத்துக்கு வழி. விசைக்காப்பு வளையத்தை முழுதாக மூடும், அழுத்தினால் நசுங்காத உறையை, துப்பாக்கி வாங்கும் நாளிலேயே வாங்குங்கள். சட்டைப்பையில் வைப்பதானால் அந்தப் பையில் சாவி, நாணயம் எதுவும் இருக்கக் கூடாது. பைக்குள் சேரும் பஞ்சும் தூசும் குழல் வாயிலும் விசையைச் சுற்றியும் படிவதால், சுடாத வாரத்திலும் தோட்டாவை நீக்கிவிட்டு ஒருமுறை துடைத்து, ஸ்லைடு ஓடும் தடங்களில் துளி எண்ணெய் இட்டு வையுங்கள். வீட்டில் கழற்றி வைக்கும் நேரத்தில் அது பூட்டிய பெட்டிக்குள், குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.