ஒயினில் உங்கள் நாக்கு மாறிவிட்டதா? சோதித்துப் பார்த்து வாங்கும் முறை

உலகம் குடிக்கும் ஒயினின் அளவு குறைந்துகொண்டே வருகிறது. சர்வதேச திராட்சை மற்றும் ஒயின் அமைப்பின் கணக்குப்படி 2024இல் நுகர்வு சுமார் 21.4 கோடி ஹெக்டோலிட்டர் (ஒரு ஹெக்டோலிட்டர் 100 லிட்டர்). 1961க்குப் பிறகு அதுவரை இவ்வளவு இறங்கியதில்லை. அளவோடு ரசனையும் நகர்ந்திருக்கிறது. ஓக் பீப்பாயின் வனிலா மணமும் 15 சதவீத ஆல்கஹாலும் கொண்ட கனத்த சிவப்பைத் தேடியவர்களில் பலர், இன்று குளிரவைத்த மெல்லிய சிவப்பு, புளிப்பு தூக்கலான வெள்ளை, வெள்ளைத் திராட்சையின் தோலோடு ஊறிய ஆரஞ்சு நிற ஒயின், குமிழிகள் உள்ள ஸ்பார்க்ளிங் என்று போய்விட்டார்கள். வாங்கும் கை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். அலமாரியில் இருப்பது பத்து வருடத்துக்கு முந்தைய ரசனைக்கு வாங்கியது, திறந்தால் பாதி பாட்டில் மீந்துபோகிறது. இந்த நிலையில் இருப்பவர்கள் புதிதாக எதையும் வாங்கும் முன் தங்கள் நாக்கு எங்கே நிற்கிறது என்று சோதித்துப் பார்ப்பது நல்லது.

முதலில் வெப்பநிலை

ரசனை மாறிவிட்டது என்று பலர் நினைப்பதற்கு உண்மையான காரணம் தவறான வெப்பநிலைதான். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறலாம் என்ற வழக்கம் வெப்பமூட்டி இல்லாத பழைய ஐரோப்பிய வீடுகளில் பிறந்தது. 25 டிகிரி செல்சியஸில் ஆல்கஹால் வேகமாக ஆவியாகி மூக்கில் சுரீரென்று ஏறும், பழ மணம் அதற்கு அடியில் அமுங்கிவிடும். அதிகமாகக் குளிர்ந்தால் நேர் எதிர்: மணம் அடங்கும், துவர்ப்பும் கசப்பும் முன்னே வரும், இனிப்பு குறைவாகத் தெரியும்.

கனமான சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி, கமே திராட்சையில் செய்தது போன்ற மெல்லிய சிவப்புக்கும் ஆரஞ்சு ஒயினுக்கும் 12 முதல் 14, ஓக்கில் வளர்ந்த வெள்ளைக்கு 10 முதல் 13, மெல்லிய வெள்ளைக்கு 8 முதல் 10, ஸ்பார்க்ளிங்குக்கு 6 முதல் 8. கையால் தொட்டுப் பார்த்து ஊகிக்காதீர்கள், சமையல் தெர்மாமீட்டரைக் கிளாஸுக்குள் விட்டு அளந்துவிடுங்கள். ஊற்றியதும் சூடு ஏறத் தொடங்கும் என்பதால் இலக்குக்கு 2 டிகிரி கீழேயே ஊற்றலாம். அவசரமாகக் குளிரவைக்க, வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு போட்டு பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்துங்கள். கால் மணி முதல் இருபது நிமிடத்தில் வேலை முடியும். ஐஸை மட்டும் போட்டால் இடையில் காற்று நின்று குளிர் சரியாக ஏறாது. ஃப்ரிட்ஜில் இதற்கு இரண்டு மணிநேரத்துக்கு மேல் பிடிக்கும்.

இன்னொரு சந்தேகம் கார்க். கார்க்கிலிருந்து ஒயினுக்குள் இறங்கும் டிசிஏ என்ற சேர்மம் ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே ஒயினைக் கெடுத்துவிடும். அதிகமாக இருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும், எவரும் கண்டுபிடிப்பார்கள். தொல்லை தருவது குறைந்த அளவில் இருக்கும்போதுதான். கெட்ட வாடை எதுவும் இருக்காது, பழ மணம் மட்டும் மங்கிப் போகும். எனவே முன்பு பிடித்த ஒயின் இப்போது சப்பென்று இருந்தால், இரண்டாவது பாட்டிலையும் திறந்து பார்த்த பிறகே அதை ஒதுக்குங்கள்.

பெயர் மறைத்துச் சுவைத்தல்

2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிரான்ஸின் போர்தோவில் ஒயின் இயல் படித்த மாணவர்கள் 54 பேருக்குச் சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயின் தரப்பட்டது. அதன் மணத்தை அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் விவரித்தார்கள். பயிற்சி உள்ளவர்களின் மூக்கையே கண் இப்படி இழுத்துக்கொண்டு போகிறது என்றால், லேபிளும் விலையும் தெரிந்த நிலையில் நாம் தரும் தீர்ப்பு எவ்வளவு நிற்கும்?

ஆறு பாட்டில் வாங்கி மூன்று ஜோடியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு ஜோடியும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். ஓக் பிடிக்கிறதா என்று அறிய, ஓக் படாத ஷார்டனே (வெள்ளை ஒயின் வகை) ஒன்று, புது ஓக்கில் வளர்ந்த ஷார்டனே ஒன்று. கனம் பிடிக்கிறதா என்று அறிய, பிரான்ஸின் போஜொலே பகுதியின் மெல்லிய கமேயும் ஆஸ்திரேலியாவின் பரோஸா பகுதியின் கனத்த ஷிராஸும். இனிப்புக்கு, இனிப்பே இல்லாத (டிரை) ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினும் ஜெர்மனியின் மோசல் பகுதியின் இனிப்புள்ள காபினெட் ரீஸ்லிங்கும். இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் இரண்டு கிளாஸில் ஊற்றிவிடுங்கள். ஆக மொத்தம் ஏழு கிளாஸ். இந்த ஏழாவதுதான் உங்கள் நம்பகத்தன்மையைச் சொல்லும்.

கிளாஸ்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும், அளவு தலா 50 மி.லி. ஊற்ற இன்னொருவர் இருந்தால் எளிது. தனியாக இருந்தால் கிளாஸின் அடியில் எண் ஒட்டி, ஊற்றிய பின் ஒவ்வொரு ஜோடியையும் பார்க்காமல் இடம் மாற்றுங்கள். கமேயும் ஷிராஸும் நிறத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், கறுப்புக் கிளாஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. அன்றைக்கு வாசனைத் திரவியம் வேண்டாம். பல் துலக்கியோ காபி குடித்தோ ஒரு மணிநேரமாவது ஆகியிருக்க வேண்டும். துப்புவதற்கு ஒரு குவளை கட்டாயம், விழுங்கிக்கொண்டே போனால் நான்காவது கிளாஸுக்குப் பிறகு வரும் மதிப்பெண்ணை நம்ப முடியாது.

ஒவ்வொன்றுக்கும் புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, கனம் நான்கையும் ஐந்துக்கு எவ்வளவு என்று குறித்து, தனியாக விருப்ப மதிப்பெண்ணும் போடுங்கள். இருபது நிமிடம் கழித்து வரிசையைத் திருப்பி மறுபடி சுவையுங்கள். முதல் கிளாஸுக்கு எப்போதும் சலுகை கிடைத்துவிடும், இனிப்புக்குப் பின் வருவது கூடுதலாகப் புளிக்கும், துவர்ப்பு வாய்க்கு வாய் சேர்ந்துகொண்டே போகும். வரிசையைத் திருப்பினால் இவை பெருமளவு சமமாகும். இரட்டையாக ஊற்றிய ஒயினுக்கு நீங்கள் போட்ட இரண்டு விருப்ப மதிப்பெண்ணும் ஒன்றுக்கு மேல் விலகினால் அன்றைய முடிவை ஒதுக்கிவிட்டு வேறொரு நாள் செய்யுங்கள்.

இந்த முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. சிறு வாய்களில் சுவைக்கும்போது இனிப்பும் கனமும் உள்ள ஒயினே வெல்லும். முழுக் கிளாஸ் குடிக்கும்போது அதுவே அலுத்துவிடும். அதனால் அடுத்தடுத்த மூன்று மாலைகளில் ஜோடிக்கு ஒரு மாலையாக, இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் வைத்து வழக்கம்போல் குடித்து, முடிவில் எது அதிகம் குறைந்திருக்கிறது என்று பாருங்கள். மதிப்பெண்ணும் பாட்டிலும் முரண்பட்டால் பாட்டிலை நம்புங்கள்.

விடையை வைத்து வாங்குவது

ஓக் தோற்றிருந்தால் ஷார்டனேயையே கைவிட வேண்டியதில்லை, ஸ்டீல் தொட்டியில் நொதித்ததைக் கேட்டு வாங்கினால் போதும். கனம் தோற்றிருந்தால் கமே, பினோ நுவார், கபர்னே ஃப்ராங்க், சான்ஸோ போன்ற சிவப்பு வகைகள் பக்கம் போகலாம். லேபிளில் உள்ள ஆல்கஹால் எண் நல்ல வழிகாட்டி, ஆனால் துல்லியமானதல்ல. ஐரோப்பாவில் பொதுவாக அரை சதவீதம் முன்பின் இருக்கலாம். அமெரிக்காவில் 14 சதவீதம் வரை உள்ள ஒயினுக்கு ஒன்றரை சதவீதம் வரை விலக அனுமதி உண்டு. கோடை கடுமையான ஆண்டில் அதே தோட்டத்து ஒயினே கனத்துவிடும். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை கூடினால் நொதித்த பின் ஆல்கஹால் ஒரு சதவீதம் ஏறுகிறது.

ஸ்பார்க்ளிங்கில் பலர் ஏமாறுவது லேபிளில் உள்ள இனிப்பு அளவின் பெயரில். எக்ஸ்ட்ரா டிரை என்று எழுதியிருப்பது ப்ரூட்டைவிட இனிப்பானது. லிட்டருக்கு ப்ரூட்டில் 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை, எக்ஸ்ட்ரா டிரையில் 12 முதல் 17, எக்ஸ்ட்ரா ப்ரூட்டில் 6 வரை, ப்ரூட் நேச்சரில் 3க்குக் குறைவு.

கெடாமல் காக்கும் கந்தகம் சேர்க்காத நேச்சுரல் ஒயின் வாங்குவோர் எலி வாடை என்ற குறையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கிளாஸை முகர்ந்தால் இது பெரும்பாலும் தெரியாது, ஒயினின் புளிப்பு அந்தச் சேர்மங்களை ஆவியாக விடாமல் பிடித்துவைக்கும். வாய்க்குள் எச்சில் அந்தப் புளிப்பைத் தணித்த பிறகே வாடை எழும். எனவே ஒரு வாய் விழுங்கி அரை நிமிடம் பொறுங்கள். எல்லோருக்கும் இது ஒரே அளவில் தெரிவதில்லை. உடன் குடிப்பவர் முகம் சுளித்தால் அவர் சொல்வதையும் கேளுங்கள்.

ஆல்கஹாலைக் குறைக்க நினைப்பவர்கள் நேராக ஆல்கஹால் நீக்கிய ஒயினுக்குத் தாவ வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 0.5 சதவீதத்துக்குக் கீழே இறக்கும்போது மணமும் கனமும் சேர்ந்து போகின்றன, அந்த இடத்தைச் சர்க்கரையால் நிரப்பும் தயாரிப்புகள் நிறைய. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பர் 8க்குப் பின் தயாரான ஒயின்களுக்குச் சத்து விவரம் கட்டாயம், லேபிளின் கியூஆர் குறியீட்டில் பார்க்கலாம். இயல்பாகவே குறைந்தவை இருக்கின்றன: இத்தாலியின் மொஸ்காட்டோ தாஸ்தி 5 சதவீதத்தை ஒட்டி வரும், மோசல் காபினெட்டில் பல 8, 9 சதவீதத்தில் நிற்கும். இவற்றில் இனிப்பு உண்டு, ஆனால் புளிப்பு அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

பாதி பாட்டில் மீந்தால்

குறைவாகக் குடிப்பவருக்குச் சேமிப்புதான் அன்றாடப் பிரச்சினை. விலை குறைந்த வழியே நன்றாகவும் வேலை செய்கிறது: 375 மி.லி. காலி பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, புதிய பாட்டிலைத் திறந்த உடனே அதன் விளிம்புவரை நிரப்பி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். திறந்த உடனே என்பதுதான் முக்கியம். மாலை முழுக்கக் காற்றுப்பட்ட ஒயினை இரவில் மாற்றி ஊற்றினால் ஆக்சிஜன் கூடவே போய்விடும். இப்படி வைத்தது ஒரு வாரம் தாங்கும், சாதாரணமாக மூடிவைத்தது மூன்று நாள்தான். காற்றை உறிஞ்சும் பம்பு ஆக்சிஜனை முழுதாக எடுப்பதில்லை, ஸ்பார்க்ளிங்கில் போட்டால் குமிழியையும் இழுத்துவிடும். ஊசி குத்தி ஆர்கான் வாயு நிரப்பும் கோராவின் என்ற கருவி, இயற்கைக் கார்க்குக்கு உகந்தது. செயற்கைக் கார்க்கில் துளை மூடாது, திருகுமூடிக்குத் தனி மூடி வேண்டும்.

அலமாரியில் நிற்கும் பழைய சரக்கில் ரோஸேயையும் எளிய வெள்ளையையும் உடனே திறந்துவிடுங்கள், இரண்டு ஆண்டுக்கு மேல் அவை தேறுவது அரிது. நீண்டகாலம் வளரும் கனத்த சிவப்பு ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றைச் சுவைத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றாலும் அவசரம் இல்லை, 12 முதல் 14 டிகிரியில் இருட்டில் படுக்கவைத்தால் துவர்ப்பு மெதுவாகத் தணியும். அடுத்ததை எந்த ஆண்டு திறப்பது என்று பாட்டில் கழுத்தில் ஓர் அட்டை கட்டி எழுதிவையுங்கள். புதிதாக வாங்குவதை மூன்று மூன்றாக வாங்குங்கள்: ஒன்று இப்போது, ஒன்று ஓராண்டு கழித்து, மூன்றாவது, முதல் இரண்டில் ஒன்று கார்க் கெட்டு வந்தால் ஈடுகட்ட.