அட்வெந்துக்கே ஊருக்கு வந்துவிடுங்கள்

டிசம்பர் 23 இரவு திருச்சியில் இறங்குவது, 25 காலை ஆராதனையில் உட்காருவது, பிரியாணி சாப்பிட்டுவிட்டு 28ஆம் தேதி விமானம் ஏறுவது. சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஏழெட்டு வருடம் நான் இப்படித்தான் கிறிஸ்துமஸுக்குப் போய் வந்தேன். எங்கள் ஊர் பொறையாற்றுக்குப் பக்கத்தில், வயலுக்கு நடுவே நாற்பது ஐம்பது தலைக்கட்டு உள்ள சின்ன லுத்தரன் சபை. ஒரு வருடம் வேலை மாறும்போது கிடைத்த இடைவெளியில் நவம்பர் கடைசியிலேயே போய்விட்டேன். அட்வெந்து என்று சொல்லும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்த நான்கு வாரமும் கூட இருந்து பார்த்தபோதுதான், இத்தனை வருடமும் பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்துக்குப் போயிருக்கிறேன் என்று உறைத்தது.

தரங்கம்பாடி, மயிலாடுதுறை, சீர்காழிப் பக்கத்துக் கிராமச் சபைகளில் பிறந்து வளர்ந்து வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகவும், அப்பா அம்மா சொல்லிக் கேட்டு மட்டுமே அந்த ஊரைத் தெரிந்த அவர்கள் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எந்த நாளில் வருவது

அட்வெந்து முதல் ஞாயிறு என்பது நவம்பர் 30ஐ ஒட்டி வரும் ஞாயிறு. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் விழும். 2026இல் நவம்பர் 29, 2027இல் நவம்பர் 28. நான்கு வாரம் லீவு எல்லோருக்கும் கிடைக்காது. இரண்டு வாரம்தான் என்றால் புது வருடத்தை விட்டுவிட்டு, டிசம்பர் 10 வாக்கில் வந்து 27ஆம் தேதி திரும்புங்கள். மூன்றாம் அட்வெந்து ஞாயிற்றுக்குள் ஊரில் இருந்தால் வேலைகளில் பாதிக்கு மேல் உங்கள் கையும் படும்.

பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு கிறிஸ்துமஸுக்கு ஒன்றிரண்டு நாள் முன்புவரை நடக்கும். ஞாயிறு பள்ளி நாடக ஒத்திகை எல்லாம் சாயங்காலம், படிப்புக்கு நடுவே திருடிய நேரத்தில்தான். கடைசி நாளில் வந்து நிற்கும் பிள்ளைக்கு ஒரு தேவதூதன் வேடம் எப்படியும் கிடைத்துவிடும். ஆனால் அதற்காக ஒரு மாதமாகப் பழகிய ஊர்ப்பிள்ளை ஒன்று ஓரமாக நிற்க வேண்டியிருக்கும். முன்கூட்டி வர முடியாவிட்டால் உங்கள் பிள்ளையைக் கூட்டமாகப் பாடும் பாட்டில் நிற்க வையுங்கள், அது போதும்.

திருச்சி விமான நிலையத்திலிருந்து காரில் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை வழியாக வந்தால் ரயிலில் மயிலாடுதுறை, அங்கிருந்து பேருந்தில் பொறையாறு. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. டிசம்பர் இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் அந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மழை. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருக்கும், புயலும் இந்தக் காலத்தில்தான் வரும். 2018 கஜா நவம்பர் 16, 2024 ஃபெங்கல் நவம்பர் 30, 2011 தானே டிசம்பர் 30. பயணத்தின் இரு பக்கமும் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல டார்ச், கொசுவுக்கு ஏதாவது, சேற்றில் கழன்று போகாத செருப்பு. துணிகளில் பாதி காயாது என்று நினைத்தே எடுத்து வைக்க வேண்டும்.

பண்டிகைக்கு முன் கையில் காசு இருக்காது

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது சட்டென்று கண்ணில் படுவதில்லை. டிசம்பரில் சம்பா நெல் வயலில் நிற்கும். அறுப்பு தைக்குத்தான். நடவும் களையும் முடிந்து, அறுப்பு இன்னும் தொடங்காத அந்த இடைவெளியில் கூலி வேலையும் குறைவு. பொங்கலுக்கு ஊரில் பணம் புழங்கும், கிறிஸ்துமஸுக்குப் புழங்காது. அதனால்தான் கிறிஸ்துமஸ் சீட்டு. வருடம் முழுக்க மாதாமாதம் கட்டி, டிசம்பரில் எண்ணெய், சர்க்கரை, மைதா, துணிக்கான பணம் என்று வாங்கிக்கொள்வார்கள். ஒரு வீட்டில் அதிரசத்துக்கு மாவு இடிக்கிறார்கள் என்றால் அது ஜனவரியிலேயே தொடங்கிய சேமிப்பு.

கோயில் செலவுக்கும் இதே கதைதான். சபைக் கமிட்டி கூடி, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடும். வெள்ளை அடிக்க, சீரியல் லைட்டுக்கு, பொதுச் சாப்பாட்டுக்கு எல்லாம் அதிலிருந்துதான். முடியாதவர்கள் இரண்டு தவணையாகக் கொடுப்பார்கள், விதவை வீடு அரை வரி கொடுக்கும். ஆனால் கொடுக்காத வீடு இருக்காது.

இங்கேதான் நான் தவறு செய்தேன். ஒரு வருடம் லைட்டுச் செலவு மொத்தத்தையும் நானே ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வருடம் நான் போகவில்லை, பணமும் அனுப்பவில்லை. லைட்டுக்கு வரி போடலாம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை, வெளிநாட்டிலிருந்து வரும் என்று கடைசி வாரம் வரை காத்திருந்திருக்கிறார்கள். அம்மா போனில் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. வரி போட்டுத் தாங்களே நடத்திய ஒரு காரியத்தை என் பணம் அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது எங்கள் வீட்டுத் தலைக்கட்டு வரியை மற்றவர்களைப் போலவே கொடுக்கிறேன். அதற்கு மேல் கொடுக்க நினைப்பதை வருடா வருடம் வராத செலவுக்குக் கொடுக்கிறேன்: ஒழுகுகிற ஓட்டை மாற்ற, மணிக்கயிறு வாங்க, யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவுக்கு.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாகச் சபைக்குக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கணக்கில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டவர் கொடுத்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், ரூபாயாகவே கொடுத்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் பதிவோ முன்அனுமதியோ உள்ள அமைப்பு மட்டும்தான் அதை வாங்கலாம், அதுவும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கு வழியாக மட்டும். கிராமச் சபையின் பொருளாளர் கையில் நீங்கள் கட்டாகப் பணம் வைத்தால் சிக்கலில் மாட்டுவது அவர்தான். முதலில் போதகரிடம் கேளுங்கள், அவர் திருச்சபை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வார்.

அதேபோல, 'வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார், இரண்டு வார்த்தை பேசட்டும்' என்று அன்பாகக் கூப்பிடுவார்கள். சுற்றுலா விசாவில் வந்தவர் ஆராதனையில் கலந்துகொள்ளலாம், பிரசங்கம் செய்யக் கூடாது. ஓசிஐ வைத்திருப்பவரும் மிஷனரி வேலை செய்ய முன்அனுமதி வாங்க வேண்டும். வணக்கம் சொல்லி, சபையார் எல்லோருக்கும் நன்றி சொல்லி உட்கார்ந்துவிடுவது நல்லது. கூப்பிட்டவர்களுக்கும் காரணத்தைச் சொல்லிவிட்டால் வருத்தப்பட மாட்டார்கள்.

நான்கு வாரத்தில் நடப்பது

முதல் ஞாயிறு காலையில் பீடத்துணி ஊதா நிறத்துக்கு மாறியிருக்கும். பழைய லுத்தரன் வாசிப்பு முறையில் அன்றைய சுவிசேஷம் மத்தேயு 21, இயேசு கழுதை மேல் எருசலேமுக்குள் வருகிற பகுதி. குருத்தோலை ஞாயிற்றுக் கதையை ஏன் இப்போது வாசிக்கிறார்கள் என்று சின்ன வயதில் எனக்குக் குழப்பமாக இருக்கும். ராஜா வருகிறார், வாசலைத் தயார் பண்ணு என்பதுதான் விஷயம் என்று உபதேசியார் (போதகர் வராதபோது ஆராதனை நடத்துபவர்) ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த வாசிப்புக்காகவே முதல் ஞாயிற்றைத் தவறவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

போதகருக்கு எங்கள் ஊரைப் போலப் பல கிராமங்கள். எங்கள் பக்கம் அவரை ஐயர் என்போம். எல்லா ஞாயிறும் அவரால் வர முடியாது. வராத ஞாயிறுகளில் உபதேசியார் நடத்துவார், அப்போது திருவிருந்து (அப்பமும் ரசமும் பெறும் சடங்கு) இருக்காது. திருவிருந்து எடுக்க நினைக்கிறவர்கள் ஐயர் எந்த ஞாயிறு வருகிறார் என்று முன்னாலேயே கேட்டு, உங்கள் பெயரையும் சொல்லிவிடுங்கள்.

வெள்ளை அடிப்பது மழையைப் பொறுத்தது. இரண்டு நாள் தொடர்ந்து வெயில் அடித்தால் உடனே சுண்ணாம்பு கரைத்துவிடுவார்கள். பெண்கள் உள்ளே பெஞ்சு கழுவி, தரை தேய்த்து, பித்தளை விளக்கையும் சிலுவையையும் புளி போட்டு விளக்குவார்கள். இந்த வேலைக்கு யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். 'நீங்க உட்காருங்க தம்பி, சட்டை அழுக்காயிடும்' என்பார்கள். கேட்காதீர்கள். பழைய கைலியைக் கட்டிக்கொண்டு மட்டையை எடுத்துவிடுங்கள். ஊர்ப் பெரியப்பாவும் மாமாவும் உங்களிடம் மனம் விட்டுப் பேசுவது அந்த ஏணிக்குக் கீழேதான்.

நட்சத்திரம் கடையில் மடக்கு நட்சத்திரமாகக் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து மின்னுகிற ஒன்றை வாங்கி வருகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் வேண்டாம். மூங்கிலைப் பிளந்து, சணல் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, மழைக்கு மேலே பாலித்தீன் சுற்றி, உள்ளே பல்பு மாட்டிக் கோயில் முன்னால் ஏற்றுகிற பெரிய நட்சத்திரத்தை வாலிபர்கள் மூன்று நான்கு ராத்திரி உட்கார்ந்து செய்வார்கள். உங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள். பசை காய்ச்சவாவது விடுவார்கள். மொழி தடுமாறும் பிள்ளைக்கும் அந்த வேலை புரிந்துவிடும்.

பாட்டு விஷயம் கொஞ்சம் தயாரிப்பு கேட்கும். நம் சபைகளில் இரண்டு வகை உண்டு. ஜெர்மானிய மெட்டில் நிதானமாகப் போகும் ஞானப்பாட்டு ஒன்று, ராகம் தாளத்தோடு வரும் கீர்த்தனை இன்னொன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்தே இந்தக் கீர்த்தனைகள் நம்மோடு இருக்கின்றன. எங்கள் ஊரில் அட்வெந்து ஆராதனைக்குள் வருகையின் பாட்டுகளைத்தான் பாடுவார்கள். பிறப்பின் பாட்டெல்லாம் வெளியே, ராத்திரி பஜனையில். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அத்தையிடமோ சித்தியிடமோ சொல்லி, இந்த வருடம் பாடப்போகும் பாட்டுகளைப் புத்தகத்தில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவு கேளுங்கள். ஒரே ஒரு பாட்டு முழுதாகத் தெரிந்தாலும் அந்தப் பிள்ளை கூட்டத்தில் ஒன்றாகிவிடும்.

பஜனைக்கு டோலக், ஆர்மோனியம், ஜால்ரா. வீடு வீடாகப் போவார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், பத்துக்குப் பிறகு வாய்ப்பாட்டுதான், எனக்கு அதுதான் பிடித்த நேரம். வருடத்துக்குள் சாவு விழுந்த வீட்டில் டோலக்கை நிறுத்திவிட்டு மெதுவாக ஒரு ஞானப்பாட்டு பாடி ஜெபம் பண்ணுவோம். அங்கே போன் எடுத்து வீடியோ பிடிக்காதீர்கள். உங்கள் வீட்டுக்குக் கூட்டம் எந்த இரவு வரும் என்று கேட்டு வைத்துக்கொண்டு, சுக்குக் காப்பியும் சுண்டலும் நாற்பது பேருக்குப் போதுமானபடி வைத்திருங்கள். உறையில் வைக்கிற காணிக்கை பக்கத்து வீட்டார் வைப்பதைப் போல இருந்தால் நல்லது.

புதுத்துணி தைக்க வேண்டுமென்றால் நவம்பர் முடிவதற்குள் துணி தையல்காரரிடம் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் முடியாது என்பார்.

பண்டிகை நாளும் மறுநாளும்

25ஆம் தேதி எங்கள் ஊரில் ஆராதனை விடியற்காலை நான்கு மணிக்கு. மணி மூன்று முறை அடிக்கும். இரண்டாவது மணிக்குள் கோயிலில் இருங்கள். செருப்பு வெளியே, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பெண்கள் தலையில் முந்தானை. பெஞ்சு பெரியவர்களுக்கு, மற்றவர்களுக்குப் பாய். பீடத்துணி அன்று வெள்ளையாக இருக்கும். நாலு வாரமும் ஊதாவைப் பார்த்துவிட்டு அந்த விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையைப் பார்க்கிறபோது எனக்குக் கண் கலங்கிவிடும்.

26ஆம் தேதி கவனமாக இருங்கள். 2004இல் சுனாமி வந்த நாள் அது, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. தரங்கம்பாடி உட்பட இந்தக் கடலோரம் முழுக்க அன்று காலை அஞ்சலி செலுத்துவார்கள். பட்டாசு, பாட்டு, கடற்கரையில் குடும்பப் படம் எதுவும் அன்று வேண்டாம்.

தரங்கம்பாடியை 27ஆம் தேதி காலை பார்க்கலாம். ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கிய ஊர் அது. 1718இல் அவர் கட்டி முடித்த புது எருசலேம் கோயிலுக்குள்தான் அவர் கல்லறையும் இருக்கிறது. மறு வருடமே இறந்துபோனார். அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் இந்த ஊரில்தான். டேனியக் கோட்டைக்குப் போகும் முன் கோயிலுக்குள் போய்ப் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள். நம் கிராமத்து ஓட்டுக்கோயிலில் கேட்கும் அந்த ஞானப்பாட்டு மெட்டுகள் எந்த வழியாக வந்தன என்று அங்கே வைத்துச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

அன்று மாலையே ரயில் என்றால், மயிலாடுதுறைக்கு இரண்டு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள். கிளம்பும் முன் உபதேசியார் வீட்டுக்கு ஒரு எட்டு போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், நாலு வாரமும் அதிகம் உழைத்தவர் அவர்தான்.