முக்காலியில் போலரைசர்: எதை முதலில் இறுக்குவது?

போலரைசர் (லென்ஸின் முன் மாட்டிச் சுற்றிப் பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) வாங்கிய புதிதில் நான் எடுத்த நீரோடைப் படங்கள் பலவற்றில் கரை லேசாகச் சாய்ந்திருந்தது. ஃபில்டரைச் சுற்றிய கை, முக்காலியின் உச்சியில் கேமராவைத் தாங்கும் பந்து மூட்டான பால் ஹெட்டையும் கொஞ்சம் திருப்பியிருக்கிறது. செய்யும் வரிசையை மாற்றியதும் அந்தத் தொல்லை போய்விட்டது. அந்த வரிசை இதுதான்.

முதலில் ஹெட். நல்ல பால் ஹெட்டில் பெரும்பாலும் மூன்று திருகுகள் இருக்கும். பெரியது பந்தைப் பூட்டும், அடியில் உள்ளது பக்கவாட்டில் சுழல விடும், சின்னது உராய்வைக் கூட்டிக் குறைக்கும். புதியவர்கள் தொடாமலே விடுவது இந்தச் சின்னத் திருகைத்தான், ஆனால் எனக்கு மூன்றில் முக்கியமானது அதுதான். கேமராவைக் கையில் தாங்கிக்கொண்டே பெரிய திருகைத் தளர்த்துங்கள். பிடியை மெல்ல விட்டால் கேமரா விழக்கூடாது, தள்ளினால் மட்டும் நகர வேண்டும். அதுவரை உராய்வைக் கூட்டுங்கள். லென்ஸ் மாற்றினால் எடையும் மாறும், மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, காட்சியை அமைத்துப் பெரிய திருகை இறுக்குங்கள். கனமான லென்ஸ் என்றால் இறுக்கிக் கையை எடுத்ததும் மூக்கு ஒரு மயிரிழை கீழே இறங்கும். அதனால் நான் வேண்டியதைவிடச் சற்று மேலே வைத்தே பூட்டுவேன். கேமராவின் அடியில் உள்ள பிளேட் அசைகிறதா என்பதையும் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் ஹெட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

பூட்டிய பிறகுதான் போலரைசரைத் தொட வேண்டும். ஒரு கையால் லென்ஸைப் பிடித்துக்கொண்டு, ஃபில்டரை இறுகும் திசையிலேயே சுற்றுங்கள். கேமராவுக்குப் பின்னால் நிற்கும்போது அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. மாற்றிச் சுற்றினால் ஃபில்டரே கழன்று கையோடு வந்துவிடும். திரையைப் பார்த்தபடி மெதுவாகச் சுற்றினால், அரைச் சுற்றுக்கு ஒருமுறை விளைவு உச்சத்துக்குப் போய், அடுத்த கால் சுற்றில் மறையும்.

வானம் நன்றாகக் கறுக்க வேண்டுமானால் சூரியன் உங்கள் தோள் பக்கம் இருக்க வேண்டும். நேர் எதிரேயோ முதுகுக்குப் பின்னோ இருந்தால் வானத்தில் மாற்றமே தெரியாது. நீரின் பளபளப்பு, பரப்போடு சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது மிக நன்றாக மறையும். பளபளக்கும் உலோகத்தில் இந்த வேலை நடக்காது. அப்புறம், எப்போதும் உச்சத்திலேயே வைக்காதீர்கள். நனைந்த பாறையில் கொஞ்சம் மினுமினுப்பு மிஞ்சினால்தான் அது நனைந்த பாறை. அகல லென்ஸில் உச்சத்துக்குப் போனால் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருநீலத் திட்டு விழும்.

போலரைசர் 1 முதல் 2 ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). 1/60 நொடியில் எடுத்தது 1/15 வரை இறங்கலாம். முக்காலி தேவைப்படுவதே இதனால்தான். 2 நொடி டைமர் வையுங்கள், கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள்.

கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் ஃபில்டரும் கூடவே 90 டிகிரி திரும்பிவிடும், உச்சத்தில் இருந்த விளைவு அப்படியே காணாமல் போகும். மறுபடி சுற்றி வையுங்கள். வானம் வரும் பனோரமா என்றால் போலரைசரைக் கழற்றிவிடுங்கள்; ஒவ்வொரு படத்திலும் நீலம் வேறாக விழும், இணைத்த பிறகு அதைச் சரிசெய்வது பெரும்பாடு.