ஜெர்மன் பேசிப் பழக இணையத்தில் துணை தேடுவது எப்படி? (ஏ2 முடித்தவர்களுக்கு)

வகுப்பில் ஏ2 (ஜெர்மன் படிப்பின் இரண்டாம் நிலை) முடித்தாயிற்று, இலக்கணப் பயிற்சியெல்லாம் சரியாக வருகிறது, வாயைத் திறந்தால் மட்டும் வார்த்தை வரவில்லை. இந்த இடத்தில் நிற்பவர்களுக்கான குறிப்பு இது. ஏ1இல் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஐந்தே நிமிடத்தில் பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவிவிடும், எதிரில் இருப்பவரும் அடுத்த வாரம் வர மாட்டார்.

படி 1: எதைக் கொடுக்கப் போகிறீர்கள்?

மொழிப் பரிமாற்றம் (அவர் மொழியை அவர் பழக்க, உங்கள் மொழியை நீங்கள் பழக்குவது) பண்டமாற்றுதான். நம்மவர்கள் பலர் "நான் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன்" என்று ஆரம்பிக்கிறார்கள். அது போணியாகாது. ஜெர்மனியில் படித்த இளைஞர்களுக்கு ஆங்கிலம் ஏற்கெனவே நன்றாக வரும். இன்னும் மெருகேற்ற வேண்டுமென்றால் லண்டன்காரரைத் தேடுவார்கள்.

தமிழைக் கொடுங்கள். வாங்க ஆள் இருக்கிறது. ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் முதல் வரிசை: ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடு, தமிழ் புரியும், ஆனால் பேசத் தயங்குவார்கள். தமிழ்க் குடும்பத்தில் மணம் முடித்தவர்கள், ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனம் போன்ற இடங்களில் தமிழ் படிப்பவர்கள், ஓரகடம் பக்கம் வாகன ஆலைகளுக்கு வேலையாக வருபவர்கள், ஆரோவில்வாசிகள் என்று மற்றவர்களும் உண்டு. கூட்டம் சின்னதுதான். ஆனால் உங்களை விட்டால் அவர்களுக்கும் எளிதில் வேறு ஆள் கிடைக்காது. அதனால் நிலைத்து வருவார்கள்.

படி 2: எங்கே தேடுவது?

டேண்டம், ஹலோடாக் என்ற இரண்டு மொழிப் பரிமாற்றச் செயலிகளையும் போனில் இறக்குங்கள். இரண்டிலும் தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்றே போடுங்கள். ஆங்கிலம் என்று போட்டால் தமிழ் தேடுபவர் கண்ணில் படவே மாட்டீர்கள். டேண்டமில் விண்ணப்பத்தைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள், கேள்விகளுக்கு ஒற்றை வார்த்தையில் பதில் எழுதாதீர்கள்.

என் ஓட்டு கான்வர்சேஷன் எக்ஸ்சேஞ்ச் என்ற இணையதளத்துக்கு. பார்க்கப் பழைய காலத்துத் தளம். ஆனால் நாடு, தாய்மொழி, பழகும் மொழி மூன்றையும் வைத்துச் சலிக்கலாம். நேரில் சந்திக்கவா, கடிதம்போல் எழுதவா, குரல்வழிப் பேசவா என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். படத்தைப் பார்த்து வந்து "ஹாய்" சொல்லும் கூட்டம் அங்கே குறைவு.

படி 3: முதல் செய்தி

நான்கே வரி, ஜெர்மனில். உங்கள் நிலை, என்ன தருவீர்கள், எந்தக் கிழமை ஜெர்மன் நேரப்படி எத்தனை மணி, அவர் தன்னைப் பற்றி எழுதியதிலிருந்து ஒரு கேள்வி. மரியாதைக்காக "ஸீ" (நீங்கள்) போட வேண்டாம், இந்தச் செயலிகளில் எல்லோரும் "டூ" (நீ)தான். பத்துப் பேருக்கு அனுப்புங்கள். பாதிக்கு மேல் பதில் வராது, அது சகஜம்.

நேரம் குறிக்கும்போது கவனம். கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. வேலை நாள் மாலை சரிப்படாது, நமக்கு இரவு எட்டரை என்றால் அங்கே நாலோ ஐந்தோதான் ஆகியிருக்கும். சனிக்கிழமை மாலை மூன்றரை வசதி: அங்கே கோடையில் பகல் 12, குளிரில் 11.

படி 4: முதல் அமர்வு

பலரும் சறுக்குவது இங்கேதான். "கொஞ்சம் ஜெர்மன், கொஞ்சம் தமிழ், இயல்பாகப் பேசுவோம்" என்று தொடங்கினால் மூன்றாவது வாரம் இருவரும் ஆங்கிலத்தில் வானிலை பேசிக்கொண்டிருப்பீர்கள். இருவருக்கும் சுலபமான மொழி எதுவோ அதில்தான் பேச்சு போய் விழும். அதைத் தடுக்கக் கடிகாரம் வேண்டும்.

25 நிமிடம் ஜெர்மன், 25 நிமிடம் தமிழ். ஜெர்மன் பாதியில் இருவருமே ஜெர்மன். மணி அடித்தால் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் மாறிவிட வேண்டும். எந்த மொழி முதலில் என்பதை வாரம் மாற்றி மாற்றி வையுங்கள், இரண்டாம் பாதியில் இருவருமே களைத்திருப்பீர்கள். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும், கூகுள் மீட் போதும்.

வார்த்தை சிக்கினால் ஆங்கிலத்துக்கு ஓடாமலிருக்க மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்யுங்கள்: "நோஹ் ஐன்மால், பிட்டெ" (இன்னொரு முறை), "பிட்டெ லாங்ஸாமர்" (மெதுவாக), "வீ ஸாக்ட் மன் தாஸ்?" (இதை எப்படிச் சொல்வது?).

திருத்தங்களுக்கும் விதி வேண்டும். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ஒவ்வொரு டெர், டீ, தாஸுக்கும் நிறுத்தினால் பேச்சே நடக்காது. பேசும்போது அவர் சாட் பெட்டியில் சரியான வாக்கியத்தை எழுதிக்கொண்டே போகட்டும், பாதி முடிந்ததும் ஐந்தை மட்டும் எடுத்துப் பேசுங்கள். அடுத்த வாரம் அந்த ஐந்தையும் வேண்டுமென்றே பயன்படுத்துங்கள்.

"வைல்" (ஏனென்றால்) போட்டால் வினை கடைசிக்குப் போகும். தமிழருக்கு இது கைவந்த கலையாக இருக்க வேண்டும், நம் வினையும் கடைசியில்தானே? மனதில் ஆங்கிலத்தில் வாக்கியம் கட்டிவிட்டு மொழிபெயர்ப்பவர்கள்தான் இதில் தவறுகிறார்கள். தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

பேச விஷயம் இல்லையென்றால் கோதே நிறுவனத்தின் பி1 (ஏ2வுக்கு அடுத்த நிலை) பேச்சுத் தேர்வின் மூன்று பகுதிகளையே வாரம் ஒன்றாக எடுங்கள்: இருவர் சேர்ந்து ஒன்றைத் திட்டமிடுவது, ஒரு தலைப்பைப் பற்றிப் பேசுவது, அதற்குக் கேள்வி கேட்டுப் பதில் சொல்வது.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

துணை ஈழத்தமிழ்ப் பின்னணி என்றால் அவர் வீட்டில் கேட்பது பெரும்பாலும் யாழ்ப்பாணப் பேச்சு. அதைச் சென்னைத் தமிழாகத் திருத்தாதீர்கள், அம்மம்மாவிடம் பேசத்தான் அவர் பழகுகிறார். முதல் நாளே "வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாளே வாட்ஸாப் எண் கேட்பவர், கிரிப்டோ பற்றிப் பேசுபவர், குரல் அழைப்புக்கு வராமல் படம் மட்டும் அனுப்புபவர்: பிளாக் செய்துவிட்டு அடுத்த ஆளைப் பாருங்கள். எண்ணை ஒரு மாதமாவது கொடுக்க வேண்டாம்.

மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும். அதற்கடுத்த அமர்வில்தான் "நீ ஏன் வரவில்லை?" சண்டை வருகிறது. கூகுள் காலெண்டரில் அழைப்பை பெர்லின் நேர மண்டலத்தில் போட்டுவிட்டால், உங்கள் போன் தானாகவே புது நேரத்தைக் காட்டும்.