வார்டுக்கான அறிவேடு தயாரிப்பது எப்படி? ஓர் இன்சுலின் தாளிலிருந்து தொடங்குவோம்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில், நான் பணிபுரிந்த மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், புதிதாகச் சேர்ந்திருந்த செவிலியர் ஒருவர் இன்சுலின் இன்ஃப்யூஷன் (பம்ப் மூலம் இரத்தக் குழாய்க்குள் சீராகச் செலுத்தும் கரைசல்) தயாரித்துக்கொண்டிருந்தார். மருந்து டிராலியின் மூடியில் ஒட்டியிருந்த தாளில், ‘இன்சுலின் 1.25 மி.லி., மீதி நார்மல் சலைன்’ என்று இருந்தது. அவரும் அதன்படியே 1.25 மி.லி. எடுத்தார். மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பி புழக்கத்தில் இருந்தபோது எழுதப்பட்ட தாள் அது. 50 யூனிட் எடுக்க அப்போது அந்த அளவு சரி. ஆனால் அன்றிரவு டிராலியில் இருந்தது மி.லி.க்கு 100 யூனிட் உள்ள குப்பி. 0.5 மி.லி. எடுக்க வேண்டிய இடத்தில் இரண்டரை மடங்கு, அதாவது 125 யூனிட், சிரிஞ்சுக்குள் போய்விட்டது. பம்பில் பொருத்துவதற்கு முன் சரிபார்க்க வந்த மூத்த சிஸ்டர், குப்பியைத் திருப்பி லேபிளைப் படித்துவிட்டு நிறுத்தச் சொன்னார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

குப்பி மாறிய செய்தி ஃபார்மசிக்குத் தெரியும், அந்த மூத்த சிஸ்டருக்கும் தெரியும். தாளுக்கு மட்டும் தெரியாது. அவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம்தான் இந்த வேலையில் என்னை இறக்கியது. மருத்துவமனையின் அறிவு ஓரிரு மூத்தவர்களின் நினைவில் மட்டும் இருந்துவிடாமல், இரவு இரண்டு மணிக்குத் தனியாக நிற்கும் புதியவரின் கைக்கும் எட்டும்படி செய்வதற்கு நாங்கள் பின்பற்றிய முறையை இங்கே எழுதுகிறேன். அப்படி எட்டும்படி எழுதி வைத்த தாள்களின் தொகுப்பைத்தான் அறிவேடு என்கிறேன். மருந்துச் சீட்டு, டியூட்டி மாற்றம் போன்றவை உங்களுக்குப் பழகியவை என்பதால் அவற்றை விளக்கப் போவதில்லை.

படி 1: கேள்விகளைச் சேகரியுங்கள்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்று தொடங்கினால் தடித்த கோப்பு ஒன்று உருவாகும்; ஆய்வுக்கு வருபவர்களைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, நர்சிங் ஸ்டேஷனில் ஒரு நோட்டை வைத்து, இரண்டு வாரங்களுக்கு, யாரையாவது போனில் அழைத்தோ எழுப்பியோ கேட்க நேர்ந்த ஒவ்வொரு கேள்வியையும் ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். கேட்டவர் பெயர் வேண்டாம். பெயர் கேட்டால் நோட்டு காலியாகவே இருக்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளே உங்கள் முதல் தாள்களின் தலைப்புகள்.

படி 2: ஒரு கேள்விக்கு ஒரு தாள்

அந்த வேலையை அன்றாடம் செய்பவரே முதல் வரைவை எழுத வேண்டும். மருத்துவரும் ஃபார்மசிஸ்டும் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்டும் அதைத் திருத்திக் கையெழுத்திட வேண்டும். எங்கள் இன்சுலின் தாளில் இப்போது மி.லி. கணக்குக்கு மேலே, முதல் வரியாக, ‘குப்பியின் லேபிளைப் படியுங்கள்: 40 யூனிட்டா, 100 யூனிட்டா?’ என்ற கேள்வி நிற்கிறது. அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள்: 40 என்றால் 1.25 மி.லி., 100 என்றால் 0.5 மி.லி. இரண்டிலும் சலைன் சேர்த்து மொத்தம் 50 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு ஒரு யூனிட் கிடைக்கும். (இது எங்கள் மருத்துவர்கள் ஒப்புதல் அளித்த செறிவு, உங்கள் தாளில் வர வேண்டியதை உங்கள் மருத்துவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.)

படி 3: புதியவரிடம் கொடுத்துப் பாருங்கள்

வரைவைப் பணியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒருவரிடம் கொடுத்து, வாயால் எதையும் விளக்காமல், வெற்றுக் குப்பியை வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள். எங்கள் முதல் வரைவில் ‘50 மி.லி. சலைனில் கலக்கவும்’ என்று எழுதியிருந்தோம். அதைப் படித்த செவிலியர், சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, “50 மி.லி.யோடு இதையும் சேர்க்கணுமா, இல்ல இதோட சேர்த்து 50-ஆ, சிஸ்டர்?” என்று கேட்டார். எழுதிய எங்கள் மூவருக்கும் அந்தச் சந்தேகம் வரவே இல்லை. ‘மொத்தம் 50 மி.லி. ஆகும்வரை’ என்று அன்றே மாற்றினோம்.

படி 4: பழைய தாளைத் திரும்பப் பெறுங்கள்

நாங்கள் சறுக்கிய இடம் இதுதான். திருத்திய தாளை எல்லா வார்டுகளுக்கும் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். ஒரு மாதம் கழித்துச் சுற்றிப் பார்த்தபோது, பழைய தாள் நர்சிங் ஸ்டேஷன் மேசைக் கண்ணாடிக்கு அடியிலும், ஒரு டிராலியில் புதிய தாளுக்குப் பக்கத்திலேயும், ஒரு சிஸ்டரின் கைநோட்டில் ஜெராக்ஸாகவும், வார்டு போனின் படத்தொகுப்பிலும் அப்படியே இருந்தது. ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள் ஒரே டிராலியில் ஒட்டியிருப்பது, தாளே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தானது.

அதன் பிறகு மூன்று விதிகளை வைத்தோம். முதலாவது, பழைய தாளைக் கையில் கொடுத்தால்தான் புதிய தாள் கிடைக்கும். இரண்டாவது, ஒவ்வொரு தாளின் அடியிலும் எண், பதிப்பு, தேதி, பொறுப்பாளர் ஆகியவை இருக்க வேண்டும். பொறுப்பாளராகக் குழுவின் பெயரை எழுதாதீர்கள், ஒரு பதவியைக் குறிப்பிடுங்கள். எல்லோருக்கும் பொறுப்பு என்று எழுதிய தாளைத் திருத்த யாரும் முன்வருவதில்லை. மூன்றாவது விதியை நான் மிகவும் மதிக்கிறேன்: மருந்தின் செறிவோ பேக்கிங்கோ மாறினால், புதிய தாள் இல்லாமல் அந்தச் சரக்கு ஃபார்மசியை விட்டு வெளியே வரக் கூடாது. ஆண்டுக்கொரு முறை மறுஆய்வு நல்லதுதான், ஆனால் எங்கள் தாள் பொய்யானது கொள்முதல் மாறிய நாளில். அதை ஆண்டு மறுஆய்வு எட்டிப் பிடித்திருக்காது.

படி 5: கருவிகள்

விலையுயர்ந்த மென்பொருள் எதையும் முதல் ஆண்டில் வாங்காதீர்கள். ஒரு விரிதாள் போதும். அதில் தாள் எண், பதிப்பு, பொறுப்பாளர் ஆகியவற்றோடு ‘எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது’ என்ற நெடுவரிசை கட்டாயம் இருக்கட்டும், ஏனெனில் படி 4 முழுவதும் அந்த நெடுவரிசையை நம்பித்தான் நடக்கிறது. திருத்தும் உரிமை ஒருவருக்கே இருக்க வேண்டும். லேமினேட் செய்த தாளை வேலை நடக்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

வாட்ஸ்அப் குழுவை அறிவேடாகப் பயன்படுத்துவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். நேற்று அனுப்பிய திருத்தம் இன்று காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடும். அனுப்பியதைச் சில நாட்களுக்குப் பிறகு திரும்பப் பெறவும் வழியில்லை. நோயாளியின் பெயரோடு கேஸ் ஷீட் படங்கள் தனிப்பட்ட போன்களில் போய்ச் சேருவது இன்னும் பெரிய கேடு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகாவது அதை நிறுத்த வேண்டும்.

படி 6: டியூட்டி ஒப்படைப்போடு இணையுங்கள்

தாளில் பொது அறிவு இருக்கும். இந்த நோயாளியைப் பற்றிய அறிவு ஒப்படைப்பில்தான் கைமாறும். அதற்கு எஸ்பார் முறையை எடுத்துக்கொண்டோம்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, பின்னர் மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது. ஒப்படைப்பை முறைப்படுத்துவதன் பலனுக்குச் சான்றும் உண்டு: ஐ-பாஸ் என்ற மற்றொரு ஒப்படைப்பு முறையை வட அமெரிக்காவின் ஒன்பது மருத்துவமனைகளில், குழந்தைகள் நலப் பிரிவுகளில், பயிற்சி மருத்துவர்களிடம் நடைமுறைப்படுத்தியபோது மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. எங்கள் ஒப்படைப்பில் ஒரே ஒரு வரியைக் கூட்டினோம்: ‘இந்த டியூட்டியில் எந்தத் தாளைப் பார்த்தும் பதில் கிடைக்கவில்லை?’ அந்த வரியில் சொல்லப்படுவது படி 1-இன் நோட்டுக்குப் போகும்.

பின்சேர்க்கை: தமிழ் படிக்கத் தெரியாத செவிலியர்கள் இருக்கும் வார்டில் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். மருந்தின் பெயரையும் செறிவையும் லேபிளில் அச்சிட்டிருக்கும் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள்; செயல்முறையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே கொடுங்கள். யூனிட் என்பதை எந்த மொழியிலும் சுருக்காதீர்கள். கையெழுத்தில் ஆங்கில ‘யு’ சுழியம் போலத் தெரிந்து, 4 யூனிட் 40 ஆகிவிடும். புள்ளிக்கு முன் சுழியம் கட்டாயம், அதாவது 0.5.

இரண்டாவது பின்சேர்க்கை: தோலுக்கடியில் ஊசி போடும் பொது வார்டுகளுக்கு இந்த இன்சுலின் தாள் போதவில்லை என்று சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, அவர் சொன்னது முற்றிலும் சரி. அங்கே சிக்கல் சிரிஞ்சில் இருக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40 யூனிட் குப்பிக்கு, ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் 100 யூனிட் குப்பிக்கு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை எடுத்தால் நோயாளிக்குப் போவது 25 யூனிட். எங்கள் வார்டுகளில் இப்போது குப்பியும் அதற்குரிய சிரிஞ்சும் ஒரே டப்பாவில் இருக்கின்றன. அவற்றுக்கான தாள் அந்த டப்பாவின் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறது.