ஜகாத்தைச் சில்லறையாக்காதீர்கள்

ஜகாத் என்பது வசதியுள்ள முஸ்லிம் வருடாவருடம் தன் சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைகள் போன்றோருக்குக் கொடுக்கவேண்டிய கடமை. பத்து வருடமாக ரமலானில் அதைக் கவர் கவராகப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த ரமலானில் அதே கைகள்தான் வந்து நிற்கும். வாங்கியவர்கள் மேல் தப்பில்லை, நான் பிரித்த விதம் அப்படி. இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு ஹிஜ்ரி (இஸ்லாமியச் சந்திர நாட்காட்டி) தேதியைக் குறித்துவையுங்கள். சந்திர ஆண்டுக்கு 354 நாள்தான். ஆங்கிலத் தேதியைப் பிடித்துக்கொண்டால் வருடத்துக்குப் பதினோரு நாள் தள்ளிப்போய், 33 வருடத்துக்குள் ஒரு ஜகாத்தே காணாமல் போய்விடும்.

அந்தத் தேதியில் ரொக்கம், வங்கியிருப்பு, தங்கம், வெள்ளி, சரக்கின் விற்பனை விலை, திரும்பி வரும் என்று உறுதியான கடன் எல்லாவற்றையும் கூட்டுங்கள். குடியிருக்கும் வீடும் ஓட்டும் வண்டியும் சேராது. அணியும் நகைக்கு ஹனஃபி சட்டப்பிரிவில் ஜகாத் உண்டு, ஷாஃபிஈ சட்டப்பிரிவில் இல்லை; உங்கள் கடனைக் கழிப்பதிலும் வேறுபாடு இருக்கிறது, உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேளுங்கள். மொத்தம் 85 கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டி, ஒரு வருடம் நிலைத்திருந்தால் 40-ஆல் வகுங்கள். கணக்கு அவ்வளவுதான்.

கஷ்டம் கொடுப்பதில்தான். குர்ஆன் (9:60) எட்டு வகையினரைச் சொல்கிறது. ஏழைகளும் வறியவர்களும் நமக்கு நினைவிருக்கும், கடனாளிகள் மறந்துபோவார்கள். வட்டியில் மாட்டிய ஒருவரின் அசலை அடைத்துவிட்டால் மாதாமாதம் அவர் வீட்டிலேயே பணம் தங்கும். அதனால் உடன்பிறந்தவர்கள் ஜகாத்தைச் சேர்த்து, வருடத்துக்கு ஓரிரு குடும்பம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தொழில் தெரிந்தவருக்கு அவருடைய தொழில் கருவி வாங்கும் அளவு கொடுக்கலாம் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே ஷாஃபிஈ சட்ட அறிஞர் இமாம் நவவி எழுதியிருக்கிறார்.

ஆனால் கேட்காமல் வாங்கிக் கொடுக்காதீர்கள். நான் ஒரு பெண்ணுக்குத் தையல் மெஷின் கொண்டுபோய் இறக்கினேன். அவருக்கு அப்போது தேவைப்பட்டது வாடகை பாக்கி. மூன்றே மாதத்தில் பாதி விலைக்கு விற்றுவிட்டார். எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் வெட்கம் வந்தது. இப்போதெல்லாம் உட்கார்ந்து பேசுகிறேன்: எவ்வளவு கடன், யாரிடம், என்ன வேலை தெரியும். பிறகு பணத்தை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். கொடுத்த பிறகு அது அவருடைய சொத்து. போட்டோ எடுக்கும் பேச்சே வேண்டாம்.

பெற்றோர், பிள்ளைகள், மனைவிக்கு ஜகாத் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது, அவர்கள் நம் பொறுப்பு. ஏழையான அண்ணன், தங்கைக்குக் கொடுக்கலாம். வாய்விட்டுக் கேட்க அவர்கள் கூச்சப்படுவார்கள். கொடுக்கும்போது ஜகாத் என்று சொல்லவேண்டியதில்லை, நிய்யத் (ஜகாத் கொடுக்கிறேன் என்ற எண்ணம்) உங்கள் மனதில் இருந்தால் போதும்.